பெஞ்சின் ஓரத்தில் நான்கு சீசன்கள்

கல்லூரி அணிகளோடு வேலைக்குச் சேரப்போகிற உங்களில் சிலர் என்னிடம் வந்து, முதலுதவிப் பையில் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கும். கோச் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். அடிபட்டவன் விளையாடலாமா வேண்டாமா என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எனக்கு ஏதோ கொஞ்சம் தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மன்னாரில் பிறந்து, ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் வளர்ந்தவள். அதே நகரத்தில் ஒரு கல்லூரியின் ஆண்கள் ஐஸ் ஹொக்கி அணிக்கு விளையாட்டுச் சிகிச்சையாளராக இருந்து ஓய்வுபெற்றேன். எவனாவது ஐஸில் விழுந்தால் முதலில் ஓடுகிற ஆள் நான்தான். வேறு அணிகளோடும் வேலை செய்திருக்கிறேன். ஆனால் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், கடைசி நான்கு சீசன்கள்தான் நினைவில் வந்து நிற்கும்.

முதல் சீசனில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. கோச் அந்த வருடம்தான் புதிதாக வந்தவர். வடக்கே ஒரு சுரங்க நகரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். தன் பெயரை எங்கேயும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது, அதனால் இங்கேயும் அவர் கோச் மட்டும்தான். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதை உங்களுக்குத் தமிழில் தருகிறேன்.

அந்த வருடம் என்னைக் கலவரப்படுத்தியது தோல்விகள் அல்ல. என் அறைக்கு யாருமே வராததுதான். மேசை, கட்டில், ஐஸ் மெசின் எல்லாம் தயாராக இருக்கும். நான் தனியே உட்கார்ந்திருப்பேன். ஐஸ் ஹொக்கி விளையாடும் ஓர் அணியில் ஒருவனுக்கும் ஒரு நோவும் இல்லை என்றால், அது நோவில்லாத அணி அல்ல, நோவைச் சொல்லாத அணி.

ஒருநாள் பயிற்சிக்கு முன்னால் ஒருவன் இடது கையால் மட்டும் சறுக்குச் சப்பாத்து நாடாவை இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். முதல் வருட மாணவன், தற்காப்பு ஆட்டக்காரன், மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவன். பெயர் நிரோஷன். அணியில் என்னைத் தவிர அவன் ஒருவன்தான் தமிழ். நடைபாதையில் அவனை நிறுத்தினேன்.

"தம்பி, உந்த வலக்கையைக் காட்டும் பாப்பம்."

"ஒண்டும் இல்லை, மிஸ்."

"மிஸ் எண்டா நான் மார்க்ஸ் போடவேணும். அன்ரி எண்டு கூப்பிடும். கையைக் காட்டும்."

சிரித்தான். கையைக் காட்டினான். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா வேற ஆள் என்ர இடத்துக்கு வந்திடுவான், அன்ரி. பிறகு நான் ஸ்ராண்ட்ஸில இருந்து பாக்க வேண்டியதுதான். எவ்றிபடி நோஸ் தட்."

அடுத்தநாள் காலை கோச்சின் அறைக்குப் போனேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. "உண்மை சொல்கிறவன் இடத்தை இழக்கிறான், மறைக்கிறவன் விளையாடுகிறான். இந்த அணிக்கு நாங்கள்தான் பொய்யைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "அவனுக்குப் பதிலாக வருகிறவன் நன்றாக விளையாடினால்? அவனை நான் எப்படித் தூக்கி எறிவது?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். அங்கேயே இருந்து பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். காயத்தைத் தானாக வந்து சொன்னவன் குணமாகித் திரும்பினால், முதல் ஆட்டத்தில் அவன் இடம் அவனுக்கே. அதற்குப் பிறகு ஆட்டம் பேசட்டும்.

அன்று மாலை கோச் அதை அணிக்கு அறிவித்தார். மறுநாள் என் கதவுக்கு வெளியே வரிசை நின்றது. முழங்கால், தோள், இடுப்பு, விலா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாதி அணி ஓய்வில் போக, முன்பைவிட மோசமாகத் தோற்றோம். கோச் என்னைக் காணும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துவார், அவ்வளவுதான். சீசன் முடிகிற நேரம் எல்லோரும் குணமாகித் திரும்பினார்கள். கடைசி இரண்டு ஆட்டங்களையும் வென்றோம். அப்போதும் நாங்கள்தான் பட்டியலின் அடியில். அந்த வெற்றிகளைக் கொண்டாட ஒருவரும் இல்லை. நானும் கோச்சும் கார் நிறுத்துமிடத்தில் நின்று கை குலுக்கினோம்.

நோகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். நோகிறது என்று சொன்னால் அவனுக்கு என்ன பறிபோகும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது சீசன் நடுவில் நடந்ததை நான் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். எங்கள் சொந்த அரங்கில் ஆட்டம். எங்கள் கோலுக்கு முன்னால் நாலைந்து பேர் ஒன்றாக மோதி விழுந்தார்கள். எதிரணிப் பையன் ஒருவனின் கையுறை கழன்றிருந்தது. இன்னொருவனின் சறுக்குச் சப்பாத்தின் கூரிய அலகு அவன் முன்கையின் உட்பக்கமாகப் போனது. வெள்ளை ஐஸில் இரத்தம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அவர்களுடைய சிகிச்சையாளர் வேறொருவனோடு உள்ளே உடைமாற்றும் அறையில் இருந்தார். நடுவர் கை காட்டிய பிறகுதான் நாங்கள் ஐஸில் இறங்கலாம் என்பது விதி. விழுந்தவன் என் அணிக்காரனும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இறங்கினேன்.

முழங்காலில் விழுந்து துவாயை வைத்து என் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்தினேன். பையன் நடுங்கினான். "என் கை போய்விடுமா?" என்று கேட்டான்.

"கையைப் பார்க்காதே. என்னைப் பார். உன் ஊர் எது?"

சொன்னான். அங்கே ஆறு இருக்கிறதா, என்ன மீன் பிடிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் கைகள் ஒரு வேலையும் வாய் இன்னொரு வேலையும் செய்தன. யாரோ அவனுடைய முதுகைத் தாங்கி உட்கார்ந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் நிரோஷன். நான் கூப்பிடவில்லை, அவனாகவே வந்திருந்தான். பிறகுதான் மற்றதைக் கவனித்தேன். இரண்டு அணிப் பையன்களும் எங்களைச் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்கள், முதுகை எங்களுக்குக் காட்டியபடி. பார்வையாளர்களின் கைபேசிகளுக்கு அந்தப் பையனின் முகம் கிடைக்காதபடி தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள்.

அம்புலன்ஸ் வந்தது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். வேறொரு நாளில் அதை மறுபடி ஆடித் தோற்றோம். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பையனின் கை தப்பியது. அடுத்த வருடம் அதே அரங்கில் எங்களுக்கு எதிராகவே ஒரு கோல் அடித்தான். எங்கள் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மட்டையால் முன்னாலிருந்த தடுப்புப் பலகையைத் தட்டினார்கள். ஹொக்கியில் மரியாதை செய்வது அப்படித்தான். கோல் வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோசப்பட்ட அணியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் பையன் எங்கள் பெஞ்சைக் கடந்து போகும்போது அந்தக் கையையே உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான்.

இரத்தம் ஓடும்போது உடுப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டாம் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை. ஆனால் விதியை மீறவேண்டி வந்தால், மீறுகிறோம் என்று தெரிந்து மீறுங்கள். பதற்றத்தில் மீறுவது வேறு.

அந்த வருடம் பட்டியலின் நடுப்பகுதிக்கு வந்தோம். மூன்றாவது சீசனில் அரையிறுதிக்குப் போனோம். நிரோஷன் இப்போது அணித்தலைவன். அவனுடைய அம்மா வசந்தி ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். சிப்ற்றை மாற்றி மாற்றி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்துவிடுவார். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் முதல் வரிசையில் இருந்து, "ஓவ்சைட், கண் தெரியேல்லையோ?" என்று நடுவரைப் பார்த்துத் தமிழில் கத்துவார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அரையிறுதியில் இரண்டு பக்கமும் சமம். நிரோஷனை ஒருவன் தடுப்புப் பலகையோடு சேர்த்து அடித்தான். நிரோஷன் தானாகவே எழுந்தான், தானாகவே சறுக்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். நான் குனிந்து கேட்க வேண்டியதைக் கேட்டேன். எந்த அரங்கம், எத்தனையாவது பகுதி, கடைசியாக யார் கோல் அடித்தது. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் சரியாகப் பதில் சொன்னான். கண்ணும் தெளிவாகத்தான் இருந்தது. கோச் திரும்பிப் பார்த்தார். அணி அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் லியம் என்றொரு முன்வரிசை ஆட்டக்காரன் இருந்தான். கிழக்குக் கரையோரத்தில் இருந்து படிக்க வந்தவன். "ரெடியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"கொஞ்சம் பொறு, வாறன்" என்றான் நிரோஷன்.

லியம் என்னைப் பார்த்தான். அந்த மூன்று வருடங்களில் நிரோஷன் பெஞ்சில் ஒரு சொல் தமிழ் பேசியதில்லை. என்னோடுகூடத் தனியாக இருக்கும்போதுதான் பேசுவான்.

"இவனுக்கு இன்று ஆட்டம் முடிந்தது" என்று கோச்சிடம் சொன்னேன்.

நிரோஷன் எழுந்தே விட்டான். "அன்ரி, நான் எல்லாத்துக்கும் சரியாத்தானே சொன்னனான். ஐ காட் எவ்றிதிங் ரைட்."

"ஓம், எல்லாம் சரி."

"பிறகேன்?"

"லியமுக்குத் தமிழ் விளங்குமோ?"

"வாட்?"

"இப்ப அவனோட தமிழில கதைச்சனீர்."

"இல்லையே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவனை உள்ளே கூட்டிப்போனேன். வசந்தி படியிறங்கி ஓடிவந்தார்.

"அக்கா, அவன் ஏலுமெண்டு நிக்கிறான். வருசம் முழுக்க இதுக்குத்தானே கஷ்டப்பட்டவன்."

"வசந்தி, இண்டைக்கு நிப்பாட்டினா ஒரு மட்ச் போகும். விளையாட விட்டா என்ன போகுமெண்டு எனக்குத் தெரியாது."

அவர் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய ஹெல்மெற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே இருந்தபடியே மூவரும் எதிரணி கோல் அடித்த ஆரவாரத்தைக் கேட்டோம். ஒரு கோலால் தோற்றோம். அவன் நின்றிருக்க வேண்டிய பக்கத்தால்தான் அந்தக் கோல் போனது என்று பிறகு சொன்னார்கள்.

வெளியே நடைபாதையில் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் என்னை மறித்தார். நல்ல உடுப்பு, நல்ல குரல். "இப்போது உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டார். பின்னால் வந்த கோச் என்னைத் தாண்டி அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அது அணியின் முடிவு. அணி என்னுடையது. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுங்கள்."

அந்த மனிதர் விலகிப் போனார். கோச் அதைப் பற்றி என்னோடு பேசவே இல்லை. உங்களுக்கு நல்ல வழிகாட்டி வேண்டும் என்கிறீர்களே, அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தோற்ற அன்றைக்கு உங்களுக்கு முன்னால் வந்து நிற்பவர்தான் அவர்.

மறுநாள் மருத்துவர் மூளை அதிர்ச்சி என்று உறுதிப்படுத்தினார். நிரோஷன் பல வாரங்கள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தான். வகுப்புக்கும் போகவில்லை. நான் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை. வசந்திதான் இடைக்கிடை, "இண்டைக்குச் சாப்பிட்டவன், அக்கா" என்று எழுதுவார். ஐஸ் கரைந்து மரங்கள் துளிர்க்கிற நேரம் ஒருநாள் அவன் என் அறைக் கதவைத் தட்டினான். கட்டிலில் ஏறி உட்கார்ந்தான்.

"எப்ப ஐஸில இறங்கலாம், அன்ரி?"

"என்னைக் கேளாதேயும். உம்மட தலையைக் கேளும்."

"தலை ஓமெண்டுது."

"அப்ப மெல்ல மெல்லத் தொடங்குவம்."

கோடை முழுக்க வேலை செய்தோம். மருத்துவர் ஒவ்வொரு கட்டமாக அனுமதித்தார். நான்காவது சீசனின் முதல் ஆட்டத்தில் அவன் இடம் அவனுக்காகக் காத்திருந்தது. அதற்குப் பிறகு அவனுடைய ஆட்டமே பேசியது. அணியும் வேறாகிவிட்டது. நோவைச் சொல்லத் தெரிந்த அணி, சீசன் முடிகிற பெப்ரவரியிலும் முழுதாக நின்றது. மற்ற அணிகள் அந்த நேரத்துக்குத் தேய்ந்துபோயிருக்கும். வென்றோம், மறுபடி வென்றோம், மூன்று வருடத்துக்கு முன் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களை அவர்களுடைய அரங்கிலேயே வென்றோம். இறுதி ஆட்டத்துக்குப் போனோம்.

அது ஒரு ஞாயிறு பிற்பகல். வாசலில் ரிக்கெற் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடிகிற நேரம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. நடுத்தளத்தில் பக் என்கிற ரப்பர் வட்டைக் கொண்டு வந்த நிரோஷன்மேல் ஒருவன் முழு வேகத்தில் மோதினான். நிரோஷன் விழுந்தான். எழவில்லை.

எல்லோருக்கும் போன வருடம் நினைவிருந்தது. நடுவர் கை காட்ட நான் ஓடினேன். அவனால் பேச முடியவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடினான். மூச்சு அடைத்துப்போயிருந்தது. மூச்சு திரும்பியதும் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தோம். கோச் கையால் வெட்டிக் காட்டினார், அவன் ஆட்டம் முடிந்தது என்று. கண்ணாடிக்குப் பின்னால் வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஆனால் அந்த மோதலை நான் கண்ணெடுக்காமல் பார்த்திருந்தேன். எதிரியின் தோள் இவனுடைய விலாவில்தான் பட்டது. தலை ஐஸிலும் படவில்லை, ஆளிலும் படவில்லை. இடைவேளையில் வீடியோவை மருத்துவரோடு சேர்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு இருவரும் அவசரப்படாமல் அவனைப் பரிசோதித்தோம். சமநிலை, கண், ஞாபகம், விலா, எல்லாம். மருத்துவர் நிமிர்ந்து, "எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவனை நன்றாகத் தெரிந்தவர் நீங்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார்.

நான் நிரோஷனைப் பார்த்தேன். "உண்மையைச் சொல்லும்."

"விலா நோகுது, அன்ரி. நல்லா நோகுது. தலை கிளியர். போனமுறை நான் பொய் சொல்லேல்லை, எனக்கே தெரியாது. இந்தமுறை எனக்குத் தெரியும்."

கோச் கதவில் சாய்ந்து நின்றார். "வேண்டாம். அவனை உட்கார வைப்போம். ஒருமுறை பட்டது போதும்" என்றார்.

"போன வருடம் அவனை நிறுத்துவதற்குக் காரணம் இருந்தது. இன்று காரணம் இல்லை, பயம்தான் இருக்கிறது" என்றேன்.

"உறுதியாகவா?"

வேண்டாம் என்று தலையாட்டினால் போதும். அணி தோற்றாலும் ஒருவரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். போன வருடம் நான் சொன்னதே சரியென்று ஆகியிருந்தது, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவன் உண்மையைச் சொல்லியிருந்தான். உண்மை சொல்லியும் உட்காரத்தான் வேண்டும் என்றால், இனிமேல் அந்த அறைக்கு ஒருவனும் வரமாட்டான்.

"உறுதியாக. விளையாடலாம்."

வெளியே வந்தபோது வசந்தி நின்றிருந்தார்.

"அக்கா, உண்மையாவோ?"

"ஓம். என்ர பிள்ளையெண்டாலும் இதைத்தான் சொல்லுவன்."

வசந்தி, "அப்ப சரி" என்றார். மூன்றாவது பகுதி தொடங்கி முதல் விசில் ஊதியதுமே அவருடைய குரல் எனக்குக் கேட்டது. "உது பெனல்ற்றி இல்லையோ?"

தம்பி தங்கைகளே, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குப் பல பேர் பழக்குவார்கள். சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து, சந்தேகமே இல்லாமல் போன பிறகும் வேண்டாம் என்றால், அது உங்களைக் காப்பாற்றத்தான், அவனை அல்ல. சரி என்று சொல்வதற்கும் ஒரு முதுகெலும்பு வேண்டும்.

மூன்றாவது பகுதியும் சமமாகவே முடிந்தது. மேலதிக நேரம். யார் முதலில் கோல் அடிக்கிறார்களோ அவர்களுக்குக் கிண்ணம். எதிரணி எங்களைக் கோல் வாசலிலேயே நெருக்கியது. ஒருவன் தன் முழுப் பலத்தையும் கொடுத்து அடித்தான். நிரோஷன் குறுக்கே சரிந்து விழுந்தான். பக் அவன் காற்கவசத்தில் பட்டுத் தெறித்து வெளியே ஓடியது. அங்கே லியம் மட்டும்தான் நின்றான். அவனுக்கு முன்னால் வெறும் ஐஸ், அதற்கப்பால் கோல்காப்பாளன். அவன் போன வேகத்துக்கு ஒருவராலும் பின்னால் போக முடியவில்லை. வலதுபக்கம் காட்டி இடதுபக்கம் போட்டான். வலை அசைந்தது.

கையுறைகளும் மட்டைகளும் மேலே பறந்தன. என் கண் கோலைப் பார்க்கவில்லை, விழுந்தவனைத் தேடியது. நிரோஷன் அங்கே இல்லை. எல்லோரும் லியம்மேல் ஏறிக் குவிந்திருந்த அந்தக் குவியலின் உச்சியில் இருந்தான்.

கிண்ணத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வொருவனாகத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். நான் பெஞ்சின் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர்கள் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள், எல்லோருமாக. கோச் பின்னால் இருந்து கதவைத் திறந்துவிட்டார். என் கை பழக்கத்தில் பையை எடுத்தது.

நிரோஷன் சறுக்கி வந்து கையை நீட்டினான்.

"பாக்கை வையுங்கோ, அன்ரி. ஒருத்தரும் விழேல்லை."

பையை வைத்தேன். இத்தனை வருடமும் யாராவது விழுந்துகிடந்தால்தான் நான் ஐஸில் கால் வைத்திருக்கிறேன். அன்று வெறுங்கையோடு, ஓடாமல், அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் வசந்தி, "மெதுவா, அக்கா, வழுக்கும்" என்று கத்தினார். கிண்ணம் நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. தலைக்கு மேலே தூக்கினேன்.